குடுமி அவிழும் நாள்

அக்கிலாக் எட்டாம் மாதமே பிறந்தவர். ஒன்பதாவது மாதம் எதற்கென்று கிளம்பி வந்தவர், அதன்பிறகும் எதற்கும் காத்திருந்ததில்லை. ஏரி உறைந்ததும் முதலில் அதன்மேல் நடப்பவர் அவர். ஆகவே முதலில் உள்ளே விழுபவரும் அவரே. கனடாவின் வடகோடியிலிருந்த அந்தப் பேக்கர் ஏரிக்கரை ஊரில் இதை யாரும் குறையாக எண்ணவில்லை. பனிக்கட்டியின் தடிமனை அறிந்துகொள்ள வசதியாகத்தான் இருந்தது.

மனைவி உலாயுக் நேரெதிர். செத்துப்போன அவளுடைய தாய்மாமனின் பெயரைத்தான் அக்கிலாக்குக்கு வைத்திருந்தார்கள். பெயரோடு உறவும் சேர்ந்து வருமென்பது ஊர் வழக்கம்; அதனால் அவள் அவரை மாமா என்றே அழைக்க வேண்டும். அந்த ஒரு சொல்லோடு மரியாதை முடிந்துவிடும்.

போன குளிர்காலத்தில் அவருடைய மான்தோல் அங்கி தலைமூடியோடு கிழிந்து, வேட்டையிலிருந்து குளிரில் காது கறுத்துத் திரும்பினார். இந்த முறை புது அங்கி இல்லையென்றால் குளிர்காலம் முழுக்க வீட்டில்தான் கிடக்க வேண்டும். அதற்கு அவரைவிட அதிகமாக அஞ்சியவள் உலாயுக். இருந்தும், ஆகஸ்ட் பிறந்ததுமே துப்பாக்கியைத் துடைத்தவரை மறித்தாள்.

"பூவப் பாத்தியா மாமா?"

கணுக்கால் உயரம்கூட இல்லாமல் தரையோடு படரும் செடி அது. எட்டிதழ் வெள்ளைப் பூ உதிர்ந்ததும் விதைமயிர் குடுமிபோல் முறுக்கிக்கொள்ளும். குடுமி அவிழ்ந்து பஞ்சாக விரிந்தால், மானின் ரோமம் அங்கிக்கு அளவாக வளர்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு முன் அடித்த தோலில் உலாயுக் அங்கி தைக்க மாட்டாள்.

மூன்றாம் நாளே அக்கிலாக் கை நிறையப் பஞ்சோடு வந்து நின்றார். அவளால் மறுக்க முடியவில்லை. படகில் போய் மூன்று தோல்களோடு திரும்பினார். உலாயுக் விரலால் கோதிப் பார்த்தாள்; நாய்க்குட்டிக்குக்கூட இதைவிட நீளமான ரோமம் இருக்கும். ஊருக்கு வெளியே அந்தச் செடி படர்ந்த மேட்டில் ஏறிப் பார்த்தாள். எல்லாக் குடுமியும் இறுக்கமாகவே இருந்தது.

திரும்பி வந்தபோது அக்கிலாக்கின் அத்தை மகன் பர்னபாஸ் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"எங்க பறிச்ச?" என்று கணவரைக் கேட்டாள்.

"ஊர்லதான்."

"ஊர்ல எங்க?"

"பவர் ஹவுஸ் பின்னாடி, சுவரோரமா. அங்கயும் அதே பூதான?"

"ஜெனரேட்டர் ராவும் பகலும் சூடு விடுற சுவரு மச்சான்," என்றான் பர்னபாஸ். "அங்க ஒரு வாரம் நின்னா நீகூடப் பூத்துருவ."

"பஞ்சுல டீசல் வாடை அடிச்சுது. உன் கை வாடைன்னு விட்டுட்டேன்," என்றாள் உலாயுக்.

அந்தத் தோல்கள் உள்சட்டையாயின. மேலங்கிக்காக அவர் பதினோரு நாள் காத்திருந்தார். காலைதோறும் மேட்டில் மண்டியிட்டுக் குடுமிகளை உற்றுப் பார்த்தார். மாதா கோயிலில்கூட இவன் இவ்வளவு நேரம் முழங்காலில் நின்றதில்லை என்று பர்னபாஸ் ஊரெல்லாம் சொன்னான். பன்னிரண்டாம் நாள் மேடு முழுக்கப் பஞ்சு பறந்தது. இரண்டு பெரிய மான் கடாக்களின் தோலோடு வந்தார், அடர்த்தியான ரோமம். உலாயுக் விரலால் கோதிப் பார்த்து ஊசியை எடுத்தாள்.

செப்டம்பர் கடைசியில், நல்ல வெயிலில், அக்கிலாக் புது அங்கியோடு தெருவில் நடந்தார். மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது.

"குளிருதா மச்சான்?" என்றான் பர்னபாஸ்.

"துளிகூட இல்ல."

உலாயுக் வாசலுக்கு வந்தாள். "கழட்டு மாமா. வேர்வைல தோலு ஊறிரும்."

"என்ன அவசரம்? கொஞ்சம் பொறேன்," என்றார் அக்கிலாக்.