தாம்பரத்துக்கு வந்த பழைய ஆறு

பெரும்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்குப் பக்கத்து மனையில் நேற்று போர் போட்டார்கள். குழாய் கக்கிய ஈரக் கல்தூளின் வாசனை வந்ததுதான் தாமதம், கீழே இறங்கிப்போய் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துவிட்டேன். வாட்ச்மேன் பதறிப்போனார்.

“இன்னா சார், கல்லத் துன்னுகினு கீறீங்க?”

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? எண்ணெய் தேடும் வேலையில் எங்களுக்கு நாக்கும் ஒரு கருவி. களிமண் ஒட்டும், மணல் நறநறக்கும். அந்த வேலையை விட்டு எத்தனையோ காலமாகியும் இந்தப் பாழாய்ப்போன நாக்குக்குத்தான் அது தெரியவில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். டெல்டாவில் துளையிட்டு எடுத்த உருளைக் கற்கள் லாரியில் எங்களிடம் வரும். நாங்கள் தேடியது ஓர் ஆற்றை. மனிதன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு ஓடி, பள்ளத்தாக்கை அறுத்து, மணலால் நிரம்பி, பிறகு கடல்சேற்றால் மூடப்பட்ட ஆறு. அந்த மணற்கல்லின் இடுக்குகளில்தான் எண்ணெய் தங்கும், மேலே சேறு மூடிபோல அடைத்துக்கொண்டிருக்கும். பள்ளத்தாக்கோ குறுகல். கொஞ்சம் தள்ளித் துளைத்தால் வெறும் களிமண்தான்.

அப்படி இரண்டு கிணறுகள் தவறிவிட்டன. மூன்றாவதும் பொய்த்தால் கூடத்தையே மூடிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. அதற்கு இடத்தைக் குறித்தவர்கள் நானும், கூட வேலை பார்த்த தேவகி அக்காவும். இருவரும் ஒப்பந்த ஊழியர்கள்.

“இதுவும் போச்சுன்னா எனக்கு வேற போக்கிடம் இல்லடா” என்றாள் அக்கா. அவள் வீடே அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

கல் வரும் நாளில் எங்கள் கூடத்தில் யாரும் ‘எண்ணெய்’ என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். படித்தவர்கள்தான், என்ன செய்ய, சொன்னால் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம். மூன்றாவது கிணற்றின் பெட்டியைத் திறந்தோம். மணல்! நீரோட்டம் சாய்வாகப் படியவைத்த வரிகள்கூட அப்படியே இருந்தன. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் வாசனை இல்லை.

மேலாளர் கல்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். இடுக்கு இருந்தால் உறிஞ்சிக்கொள்ளும். சொட்டு அசையாமல் நின்றது.

“கொஞ்சம் பொறுங்க சார், போயிடும்” என்றாள் அக்கா.

போகவில்லை. ஆசிட் விட்டதும் கல் நுரைத்தது. எண்ணெய் வருவதற்கு முன்பே சுண்ணாம்பு வந்து எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டிருக்கிறது.

“ஆறு அங்கதானடா இருந்துச்சு? நாம சொன்ன எடத்துலயே?” என்று கேட்டபடிதான் அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் குனிந்து கல்பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன்.

கூடம் இருந்த இடத்தில் இப்போது கார் ஷோரூம். கற்களை மேடவாக்கம் பக்கம் பள்ளமான மனைகளில் கொட்டி நிரவிவிட்டார்கள். அக்காவின் பழைய நம்பருக்குப் போட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள். ஆமாக்கா, அங்கேதான் இருந்தது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.