பாட்டில் தொலைந்த என் மகன்

இந்த ஊரில் சாயங்காலம் ஆறு மணிக்கு இட்லி கேட்பார்கள். வந்த புதிதில் எனக்கு அது விளங்கவில்லை. பொழுது அடையும் நேரத்தில் ஒருத்தர் பல் விளக்கி, திருநீறு பூசி வந்து நின்று, "காலை டிபன் என்ன இருக்கு?" என்றால் சிரிப்பு வராதா? நைட் ஷிப்ட்காரர்களுக்கு அதுதான் விடியல். சூரியனைப் பார்த்து உலை வைத்தவள், கம்பெனி பஸ்ஸைப் பார்த்து உலை வைக்கப் பழக ஒரு வருஷம் ஆயிற்று.

நான் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டுக்காரி. மகன் முருகேசனுக்குப் பட்டணத்துப் பக்கம் மண்ணூரில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைத்தது. அவனோடு வந்து, வடக்குப்பட்டில் வாடகைக்கு எடுத்த வீட்டின் முன்னறையிலேயே மெஸ் நடத்துகிறேன். யாரும் என்னை வேலைக்கு அனுப்பவில்லை. சும்மா உட்கார்ந்து சாப்பிட என் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

என் மெஸ்ஸில் சாப்பிடுகிறவன் சீனு. பிள்ளைப்பாக்கத்துக்காரன். கார் பாகம் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறான். லீவு நாளில் கிடாரைத் தூக்கிக்கொண்டு பாடுகிறான். எழுதுவதும் அவனே, மெட்டும் அவனே. நம் ஊர்க் கொட்டு மாதிரி டிரம்ஸ் அடிக்கிறது, நடுவில் மவுத் ஆர்கன் இழுக்கிறது, தொண்டை கட்டினவன் மாதிரி குரல். கேட்டால் ரூட்ஸ் ராக் என்கிறான். எனக்குப் பேர் தெரியாவிட்டால் என்ன, காலைத் தரையில் தட்ட வைக்கிறது.

ஒருநாள் நான் அடுப்பை அணைத்துவிட்டு, பானையில் ஒரு பிடி சோற்றை விட்டு மூடினேன். சீனு பார்த்துவிட்டான்.

"யாருக்கு ஆயா எத்து வெக்கிற?"

"வாரவுகளுக்கு."

எங்கள் பக்கம் கேட்டால் அப்படித்தான் சொல்வோம். பானையைத் துடைத்து வெறுமனே வைத்தால் வீட்டுக்கு ஆகாது; ஒரு பிடியாவது கிடக்க வேண்டும். மறுநாள் அது நீராகாரம், இல்லையென்றால் கோழிக்கு. அவன் வேறொன்றும் கேட்கவில்லை. என் கையையும் பானையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றான். பச்சை குத்தின கை அழகாக இருக்கிறதாம். எடுத்துக்கோ என்றேன்.

ரெண்டு வாரத்தில் போனில் சீனுவின் பாட்டு வந்தது. வீட்டை விட்டுப் போய், இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாத மகனுக்கு ஒரு தாய் தினமும் சோறு எடுத்து வைக்கிறாள், அவன் வருகிற வழியைக் காணோம் என்று பாட்டு. படத்தில் என் கை. அடியில், 'வடக்குப்பட்டு மெஸ் அம்மாவுக்கு நன்றி'.

பாட்டு எங்கும் பரவியது. கேட்டவர்கள் அடியில் எழுதியதை நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். 'கம்பெனி பஸ்ஸில் அழுதுட்டே போனேன்.' 'இந்த அம்மாவுக்கு நான் மகன்.' இதெல்லாம் இருக்கட்டும். கீழே இன்னொன்று: 'தாயை இப்படித் தவிக்க விட்டவன் விளங்கவே மாட்டான்.' அதே மாதிரி இன்னும் எத்தனையோ. முன்பின் தெரியாதவர்கள் என் பிள்ளைக்குச் சாபம் விட்டிருந்தார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

முருகேசனுக்கு நான் கட்டிக் கொடுத்த டப்பா சாப்பிடாமலே திரும்பி வந்தது. மூணாம் நாள் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன்.

"கேன்டீன்ல உக்கார முடியலம்மா. சூப்பர்வைசரே, 'இன்னா முருகேசா, ஆயாவ சோத்துப் பானையாண்ட குந்த வெச்சிட்டு எங்கடா சுத்திகினு கீற'ன்னு கேக்கான். எல்லாவனும் சிரிக்கான்."

"நீ என்ன சொன்ன?"

"அம்மா கட்டிக் கொடுத்ததத்தான் திங்கேம்னு சொன்னேன். அதுக்கும் சிரிக்கான்."

எங்கள் ஊரில் பாட்டு என்றால் பாடுகிறவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்போம். ஒரு சாவு வீட்டில் ஒருத்தி, 'மூணு பிள்ளை பெத்த மகராசா' என்று எடுத்தாள். "ஏளா, நாலு பிள்ளை. மூத்தவ செவகாசியில இருக்கா" என்று என் பக்கத்தில் இருந்தவள் அதட்டினாள். பாடினவளும் மூக்கைச் சிந்திவிட்டு, 'நாலு பிள்ளை பெத்த மகராசா' என்று அடுத்த வரியை மாற்றிக்கொண்டு போனாள். கேட்கிறவர்களுக்குப் பாட்டில் அவ்வளவு உரிமை. இங்கே ஆளுக்கு ஒரு வயரைக் காதில் சொருகிக்கொண்டு தனித்தனியாக அழுகிறார்கள். யார் யாரைத் திருத்துவது?

சீனு சாப்பிட வந்ததும் இலையைப் போட்டேன். சோறு போடவில்லை.

"ஏய்யா, என் மகன் செத்தா போனான்?"

"ஐயோ ஆயா, அது கற்பனை. நீதான வர்றவங்களுக்குன்னு சொன்ன?"

பானை வழக்கத்தைச் சொன்னேன். அவன் முகம் விழுந்துவிட்டது. "எங்க ஊட்ல ஃபிரிட்ஜிதான் ஆயா, எனக்கு இன்னா தெரியும்? இப்பவே பாட்டத் தூக்கிடறேன்."

"தூக்காத. நல்ல பாட்டு. என் மகனை அதுல சேத்துப் பாடு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸிலேயே பாடி, அதை வீடியோ எடுத்துப் போட்டான். பாட்டு முடிகிற இடத்தில் முருகேசன் உட்கார்ந்து சாப்பிட, நான் ரசம் ஊற்றிக்கொண்டே பேசினேன்: "இவன்தான் என் மகன். என்கூடத்தான் இருக்கான். பானையில சோறு கெடக்கது எங்க வழக்கம். சாபம் விட்டவுகள்லாம் வந்து சாப்பிட்டுப் போங்க."

சிலர் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். பலருக்கு ஏமாற்றம். 'மகன் இருக்காரா? சும்மா அழ வெச்சிட்டீங்களே.' 'மொதல்ல வந்ததுதான் செம, இதுல ஃபீல் இல்ல.' என் பிள்ளை உயிரோடு இருப்பது அவர்களுக்கு ருசிக்கவில்லை. "ஃபீல் இல்லன்னு எழுதினவனுக்கு நானே ஒரு லைக் போட்டுட்டேம்மா" என்று முருகேசன் சிரித்தான். டப்பா காலியாகத் திரும்பி வர ஆரம்பித்தது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் இருந்தேன்.

அப்போதுதான் நாத்தனார் செல்லத்தாயி போன் பண்ணினாள். ஊரில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. முதல் பாட்டைக் கேட்டு ரெண்டு நாள் அழுதாளாம்.

"ஏன் தாயி, ரெண்டாவதைக் கேக்கலையா? முருகேசன் என்கூட இருக்கது உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன மதினி. அவனுக்கா நான் அழுதேன்?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வர்ற பொங்கலுக்கு வந்துருவேன், வந்துருவேன்னு நீ சொல்லி எத்தனை பொங்கல் போச்சு?" என்றாள்.

முருகேசனுக்காக ஊரையே திருத்தினேன். செல்லத்தாயியைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. வாசலில் கம்பெனி பஸ் வந்து நின்றது. "அம்மா, சாப்பாடு ஆச்சா?" என்று ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். காதில் அவள், "எப்ப வருவ?" என்று கேட்டுக்கொண்டிருக்க, "இந்தா, வந்துட்டேன்" என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.