அப் வண்டியும் கிழக்குச் சூலமும்

ரயில் வருவதற்குச் சற்று முன்னால் திருத்தணி ஸ்டேஷனில் தொங்கும் தண்டவாளத் துண்டில் 'டங் டங்' என்று அடிப்பார்கள். அந்த ஓசை எங்கள் கரும்புக் கொல்லை வரைக்கும் கேட்கும். கேட்டதும் நைனா, அதாவது என் அப்பா, மண்வெட்டியை நிறுத்திவிட்டு, "அப் வண்டியாம், டவுன் வண்டியாம். எந்தத் திக்குன்னு வாயத் தொறந்து சொல்றானா பாரு" என்பார்.

யுத்த காலம் அது. இங்கிலீஷ் சொல் எதையும் நைனா நம்பமாட்டார், அதிலும் போக்குவரத்துச் சொற்களை அறவே நம்பமாட்டார். 'அப்' என்றால் மேலே என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னேன். 'ஸ்டாண்ட் அப்' என்றால் எழுந்திருக்க வேண்டும், 'ஷட் அப்' என்றால் வாயை மூட வேண்டும், 'கிவ் அப்' என்றால் விட்டுவிட வேண்டும் என்றும் ஒப்பித்தேன். ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்த பாவா, என் அக்கா புருஷன், பட்டணம் போகிற வண்டிதான் 'அப்' வண்டி என்றார். நைனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மேலன்னா நம்ம மலைதான் மேல. பட்டணத்துல ஏது மாப்ள மலை? ஒரு எடத்துல நிக்காத வார்த்தய எப்பிடி நம்பறது?"

அவர் நம்பியது நான்கு திக்குகளை. கிழமைக்கு ஒரு திக்கில் 'சூலம்', அந்தத் திக்கில் அன்று நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது. திங்கட்கிழமை கிழக்கு ஆகாது.

ஒரு வியாழக்கிழமை தம்பியின் வலது கண்ணைக் கரும்புச் சோகை கீறிவிட்டது. அவனுக்கு ஆறு வயது. அம்மா நந்தியாவட்டைப் பூ வைத்துக் கட்டினாள். திங்கட்கிழமை காலையில் கட்டை அவிழ்த்தால் கருவிழியில் வெள்ளை படர்ந்திருந்தது. கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "இன்னிக்கே பட்டணத்துக்குக் கூட்டினு போங்க. தள்ளிப் போட்டா கண்ணு போயிடும்" என்றார்.

பட்டணம் கிழக்கே இருந்தது. பரிகாரமாகத் தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாமே என்று அம்மா கெஞ்சினாள். "அது சந்தைக்குப் போறவனுக்கு. இது புள்ள கண்ணு" என்றார் நைனா. பாவாதான் வழி கண்டுபிடித்தார். "அப் வண்டி இங்கேர்ந்து தெக்கால அரக்கோணம்தான் மாமா போவுது. தெக்குக்கு இன்னிக்கு சூலம் இல்லீங்களே?"

நைனா அவரைச் சத்தியம் பண்ணச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். தம்பியைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிக்கொண்டார். வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே பார்த்துக்கொண்டு வந்தார். அரக்கோணத்தில் வண்டி மாற வேண்டும். அங்கே பட்டணத்து வண்டியின் எஞ்சின் காலை வெயிலுக்கு நேரே முகம் காட்டி நின்றது.

"பாத்தியா, உங்க பாவா ஏமாத்திட்டான்" என்று பிளாட்பாரத்திலேயே துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன். தம்பி வலியில் துடித்தான். அந்த வண்டி போயிற்று, பிறகு வந்தவையும் போயின. மறுநாள்தான் ஏறினோம்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் நைனாவை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கண்ணு வராதாம். ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம்."

ஒரு வாரத்துக்கு முன்னால் தம்பிக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. எனக்குப் பத்து வயது, கிழமை தெரியாத வயதல்ல. டாக்டர் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார் என்று அன்றே சந்தேகப்பட்டேன், இன்றும் அதை நம்பவில்லை. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் நைனா அதையே சொன்னார். அதற்குப் பிறகு அவர் சூலம் பார்த்து நான் கண்டதில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் வெகுகாலம் ஆறவில்லை.

இப்போது பட்டணத்துக்கு நேரடி மின்சார ரயில் வந்துவிட்டது, அரக்கோணத்தில் இறங்கி மாற வேண்டியதில்லை. நைனாவும் இல்லை, பாவாவும் இல்லை. சில வருஷங்களுக்கு முன் தம்பியோடு அதில் போனேன். எதிரே இருந்தவர் கண்ணைப் பற்றி விசாரிக்க, தம்பி, "ஒரு வாரம் முன்னாடி போயிருந்தாலும் பொழைச்சிருக்காதுங்க" என்றான். அவர் இறங்கிய பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. "உனக்கு அடிபட்டது வியாழக்கிழமடா" என்றேன்.

"தெரியும்க்கா" என்றான். "நைனா சொன்னது அப்பிடியே இருந்துட்டுப் போவட்டும்."