சட்டைப் பையில் போன பேரிங்

யுத்த காலத்தில் அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டோடு சிறிய தச்சுப் பட்டறை இருந்தது. மரம் அரியும் மெசினின் இரண்டு பேரிங்கும் தேய்ந்து, வாள் ஆடத் தொடங்கியது. கடையில் அளவு காட்டுவதற்காக என் கணவர் ஒன்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

“அதுக்குள்ள இரும்புக் குண்டெல்லோ இருக்கு. சென்றியில பிடிச்சிடுவாங்களப்பா,” என்றேன்.

“காட்டாமல் என்னெண்டு வாங்கிறது? கெதியா வந்திடுவன்.”

சென்றி என்ற சோதனைச் சாவடியில் படையினர், அந்தக் குண்டுகள் வெடிகுண்டு செய்யத்தான் என்று சந்தேகித்து அவரைக் கொண்டுபோனதாகப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சொன்னார். நான் தேடாத இடமில்லை. அவர் திரும்பி வரவேயில்லை.

பிள்ளைகளின் சாப்பாட்டுக்காக மெசினை விற்றேன். வாங்க வந்த கிண்ணியா வியாபாரி மற்றப் பேரிங்கைத் துடைத்துப் பார்த்தார்.

“நம்பர் இதிலயே அடிச்சிருக்கு தங்கச்சி. இதை எழுதிக்கொண்டு போனால் காணும், கடையில தருவாங்க,” என்றார். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது.

இப்போது மகன் மோட்டார் சைக்கிளுக்குச் சாமான் வாங்கப் புறப்பட்டால், பழையதைத் துடைத்து, நம்பரைக் கடதாசித் துண்டில் எழுதி நானே கொடுக்கிறேன்.

“சென்றியெல்லாம் எடுத்தாச்சம்மா,” என்று சிரிப்பான்.

ஓம் என்றுவிட்டு, அவனுடைய சட்டைப் பையையும் ஒருமுறை தடவிப் பார்ப்பேன்.