வாயசைப்பு

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சாலே கேலி பண்ற ஆளு நான். நீங்களும் இப்ப என்னைக் கேலிதான் பண்ணப் போறீங்க, பண்ணுங்க, பரவாயில்ல. ஆனா இது ராத்திரி கூட நடக்கலைங்க, ஞாயித்துக்கெழம மத்தியானம், வெளிய நல்ல மழை, வயித்துல பிரியாணி.

எண்பதுகள்ல, சிங்கப்பூர்ல, எனக்கும் அந்தோணிக்கும் ஒரு பைத்தியம் இருந்துச்சு. அந்தோணி என் கூட்டாளி, ஜூரோங்ல கப்பல் பட்டறையில வெல்டர். ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூச முடிஞ்ச கையோட பஃபலோ ரோடு பக்கம் வீடியோ கடைக்குப் போயி, இத்தாலிக்காரன் எடுத்த பேய்ப்பட டேப் ஒண்ண எடுத்துக்கிட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்துடுவான். அந்தப் படங்கள இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது. கண்ணுலயே கத்தியச் சொருகுவான், ரத்தம் ரோஸ் சிரப்பு மாதிரி பீச்சியடிக்கும், வெட்டுன தல பொம்மத் தலன்னு கொழந்தைக்குக்கூடத் தெரியும். புழு மட்டும் நெசப் புழு. எங்கம்மா சோத்துத் தட்டத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்கு ஓடிடுவாங்க.

அதுல வாயசைப்பு மட்டும் ஒட்டவே ஒட்டாது. வாய் ஒண்ணு பேசும், மேல போட்ட இங்கிலீஷ் குரல் வேற ஒண்ணு பேசும். "இதுக்கு நாமளே பேசிடலாம் லா"ன்னு ஒரு நாள் அந்தோணி சவுண்ட சுத்தமா கொறச்சுட்டான். அன்னிலேருந்து எல்லாப் படத்துக்கும் நாங்கதான் தமிழ்ல டப்பிங். பொம்பளைங்க எல்லாம் அவன், ஆம்பளைங்க எல்லாம் நான். அதுல எங்களுக்குன்னு ஒரு வழக்கம் வேற. யாரு செத்தாலும், தலையே துண்டானாலும், மரியாதையா "போயிட்டு வரேன்"னு சொல்லிட்டுத்தான் சாகணும். மத்தவன் "வாடா"ன்னு அனுப்பி வைக்கணும். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அந்தோணி செத்தது காலையில வேலைக்குப் போற வழியில, மழையில பைக் சறுக்கி. அடக்கம் முடிஞ்சு அவங்க அம்மாகிட்டகூட ஒண்ணும் சொல்லாமத்தான் கெளம்பினேன். சாவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்லக்கூடாதில்லையா, அதான்.

கொஞ்ச மாசம் கழிச்சு வந்தது அந்த ஞாயித்துக்கெழம. அவன் காப்பி எடுத்துக் குடுத்த டேப் ஒண்ணு இருந்துச்சு, எங்க ரெண்டு பேருக்கும் ரொம்பப் புடிச்ச படம். அத எடுத்துப் போட்டு, பழக்க தோஷத்துல சவுண்டக் கொறச்சுட்டேன். மாடிப்படியில ஒரு பொண்ண வெட்டிப் போடுற சீன் வந்துச்சு, அவ ரத்தத்துக்கு நடுவுல கெடக்குறா, கேமரா மொகத்துக்குக் கிட்ட போகுது, அவ என்னைப் பாத்து வாயசைச்சா. நம்பினா நம்புங்க, நம்பாட்டி விடுங்க, அத்தன படத்துல எந்தக் குரலுக்கும் ஒட்டாத வாயசைப்பு அன்னிக்கு ஒட்டுச்சு, அதுவும் தமிழ்ல. "போயிட்டு வரேன் மச்சான்." சத்தம் துளிகூட இல்ல. ஆனா "போ"வுக்கு ஒரு தடவ, "மச்சான்"ல "ம"வுக்கு ஒரு தடவ, உதடு ஒட்டிப் பிரிஞ்சத என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

சொல்லி முடிச்சும் அவ சாகல. என் டயலாக்குக்குக் காத்துக்கிட்டே இருந்தா. "வாடா"ங்கணும், ஒரே வார்த்தை. செத்தவன எப்படிங்க வான்னு கூப்பிடறது? எந்திரிச்சுப் போயி பிளக்கப் புடுங்கிட்டேன்.

அப்புறம் தைரியம் வந்து அந்த டேப்ப எடுத்தப்ப உள்ள பூஞ்சை புடிச்சுப் போயிருந்துச்சு, நம்ம ஊரு ஈரத்துக்கு எது தாங்குது. பேயப் பாத்ததுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லைங்க. நல்லபடியா சொல்லிட்டுப் போகலாம்னு வந்தவன நான் அனுப்பி வைக்காம விட்டுட்டேனே, அதுதான் இன்னிக்கும் மனசப் போட்டு அறுக்குது.

இப்ப அதே படம் டிஸ்க்குல பளிச்சுன்னு வந்திருக்கு, என் மகன் வாங்கிக் குடுத்தான். அந்த சீன திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன். மாடிப்படி இருக்கு, ரத்தம் இருக்கு, கேமராவும் அப்படியேதான் கிட்ட போகுது, அந்தப் பொண்ணு வாய மூடிக்கிட்டே சாகுறா. நானும் ஒவ்வொரு தடவையும் சவுண்டக் கொறச்சுட்டு, "வாடா அந்தோணி, போயிட்டு வாடா"ன்னு சத்தமாவே சொல்லிப் பாக்குறேன். அவ வாயத் தெறக்கறதே இல்ல.