எருக்கம்பால் துடைத்த துண்டு

நீலக்கரை போட்ட வெள்ளைத் துண்டு அது. ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கும். வேலியோரம் கட்டிய கயிற்றில் எப்போதும் கிடக்கும். உப்பளத்திலிருந்து வந்ததும் அத்தை முகம் கழுவி அதில்தான் துடைப்பாள். எழுபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதில், மரக்காணத்தில் நான் அதிகம் பயந்தது அந்தத் துண்டுக்குத்தான். பேய்க்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை.

அத்தை, அப்பாவின் அக்கா. புருஷன் செத்தபின் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். நாளெல்லாம் தலையில் உப்புக்கூடை சுமப்பாள். ஆனாலும் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவள் மாதிரியே நடந்துகொள்வாள். மழைக்காலத்தில் உப்பளம் மூடிவிடும். அப்போது கைகொடுப்பது கொல்லை மணல்மேட்டு முருங்கைதான். அந்த வருஷம் அது பூத்துப் பூத்துக் கொட்டியது, காய் பிடிக்கவில்லை. ரோட்டோரத்து எருக்கம்பூவை மொய்க்கும் கருவண்டுகள் பக்கத்து முருங்கைப் பூவுக்கும் போவதை அத்தை பார்த்து வைத்திருந்தாள். எருக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தால் வண்டும் பின்னாலேயே வரும் என்று முடிவுகட்டினாள்.

கட்டைவிரல் கனத்துக் கொம்புகளை வெட்டி, பால் வடிந்து காயட்டும் என்று இரண்டு நாள் நிழலில் போட்டாள். வெட்டிய இடத்தைச் சாம்பலில் தோய்த்து, உடைசல் பானைகளில் மணலும் மக்கிய சாணமும் கலந்து நட்டாள். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் அண்ணி, ஊர்ல வேற செடியே கெடைக்கலியா? எருக்கைப் போயி வூட்டுல வெப்பாங்களா?"

"வண்டு வரட்டும், அப்புறம் நீயே பாரு" என்றாள் அத்தை. என்னிடம் மட்டும், பால் கண்ணுக்குக் கெட்டது, கிட்டே போகாதே என்று கண்டித்துச் சொல்லியிருந்தாள்.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. கொம்புகளில் பாதி அழுகிப்போயின. ஒரு மத்தியானம், அத்தை வருவதற்குள் புதிதாக நட்டு அவளை அசத்திவிடலாம் என்று பச்சைக் கிளைகளாக ஒடித்தேன். பால் மணிக்கட்டுவரை வழிந்தது. வாசலில் அத்தையின் குரல் கேட்டதும் பயந்துபோய், கையில் கிடைத்த துண்டில் துடைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவள் நேரே வந்து முகத்தைக் கழுவினாள். கயிற்றுப் பக்கம் கையை நீட்டினாள். கத்த வேண்டும் என்று தெரிகிறது, வாய் திறக்கவில்லை. உப்பு எரிச்சல் அடங்க, இரண்டு கண்ணையும் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

விளக்கு வைத்தபோது, "என்னமோ வெளக்கச் சுத்தி வட்டமாத் தெரியுது" என்றாள். விடிந்தபோது எதிரில் நின்ற அப்பாவைத் தெரியவில்லை. "வலியே இல்லடா தம்பி. எல்லாம் பொகையாட்டம் இருக்குது" என்றாள் அப்பாவிடம். அவள் வலிக்கிறது என்று அழுதிருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். துண்டைச் சுருட்டிக் கொண்டுபோய் உப்பள வாய்க்காலில் போட்டுவிட்டு வந்தேன்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனோம். டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். "கொம்பு வெட்டும்போது தெறிச்சிடுச்சுங்க" என்றாள் அத்தை. அன்றைக்கு அவள் ஒரு கொம்பும் வெட்டவில்லை.

இரண்டு கண்ணிலும் கட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா பானைகளைத் தூக்கி வேலிக்கு வெளியே எறிந்தார். "கண்ணு வரலைன்னா யாரு வெச்சிப் பாக்கறது?" என்று அம்மா அடுப்படியில் சொன்னது எனக்கே கேட்டது, அத்தைக்குக் கேட்காமலா இருக்கும்? அவளை எங்கேயாவது அனுப்பிவிடுவார்கள், அதற்கு நான்தான் காரணம். உடையாமல் கிடந்த ஒரு பானையை எடுத்து முருங்கைக்குப் பின்னால் மறைத்துவைத்தேன். மன்னிப்புக் கேட்கத் துணிவில்லாமல், அதை மட்டும் அவள் காதில் சொன்னேன்.

அத்தை என் கையைத் தடவிப் பார்த்தாள். "கொஞ்சமா தண்ணி ஊத்து. ஊத்திட்டு சோப்பு போட்டுக் கையக் கழுவிக்கினு வா. துண்டுல தொடைக்காதடி."

அவ்வளவுதான் சொன்னாள். தன் துண்டு எங்கே என்று அவள் ஒரு நாளும் கேட்காதது அப்போதுதான் உறைத்தது.

வலது கண் தெளிந்தது. இடது கண்ணில் மெல்லிய படலம் கடைசிவரை நின்றுவிட்டது. தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே மறுபடி உப்பு சுமக்கப் போனாள். மறைத்துவைத்த எருக்கு பூத்தது, வண்டும் வந்தது, முருங்கை காய்த்தது. வண்டால்தானா என்று எனக்குத் தெரியாது. அம்மா அந்தக் காயிலேயே குழம்பு வைத்தாள். அத்தை போய்ச் சேரும்வரை துண்டைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது என் மொட்டைமாடித் தொட்டிகளில் எருக்கு நிற்கிறது. ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சிகள் இலையில் முட்டை வைக்கின்றன. கேட்பவர்களுக்கெல்லாம் கொம்பு வெட்டித் தருகிறேன். போன வாரம் வெட்டி முடித்துக் கையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தேன். மகள் வியர்வை துடைக்கக் கொடியில் கிடந்த துண்டை எடுத்தாள். நான் அதைத் தொட்டிருக்கவே இல்லை. ஆனாலும் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்: "தொடைக்காதடி!"

"ஏம்மா, ஒரு துண்டுக்கா இப்படிக் கத்தற?" என்றாள்.

அன்றைக்கு வேலியோரம் நின்றபோது வந்திருக்க வேண்டிய குரல் அது. அத்தை கண்ணைத் துடைத்து முடித்து ஐம்பது வருஷம் ஆகிறது.