கியர் வண்டிக்கு நான் தலையாட்டியது

எங்கள் வீட்டு வாசலில் சாம்பல் நிற உறை போட்டு ஒரு கார் நிற்கிறது. கியர் வண்டி. வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் உறையை விலக்கி, உள்ளே உட்கார்ந்து, பத்து நிமிஷம் எஞ்சினை மட்டும் ஓட விடுவார். பேட்டரி செத்துவிடக் கூடாதாம். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டே இறங்கி, உறையைத் திரும்பவும் போடுவார். நான் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வண்டி இந்த வீட்டுக்கு வந்தது என் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு பேச்சால்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. கல்யாணமான புதிதில் குழம்பில் உப்பில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, அப்படியே தின்றுவிட்டு எழுந்திருக்கிறேன். கூச்ச சுபாவம் என்று எல்லாரும் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் எனக்குப் பல சமயம் வசதியாகவும் இருந்திருக்கிறது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பையன். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. போகும்வரை அம்மா என்று கூப்பிட்டவன், போன பிறகு மமான் என்கிறான். அடுத்தது பெண். இரண்டு வயதில் காய்ச்சல் வந்து அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. கம்பியும் தோல் வாரும் வைத்த காலிப்பர் மாட்டினால்தான் நிற்க முடியும். கல்யாணம் தகையவில்லை. எங்கள் ஊர்க் கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு எழுதுகிற வேலை. பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் போய் வந்துகொண்டிருந்தாள். மழைக்காலத்தில் தோல் வார் நனைந்து, தொடையில் உரசிப் புண்ணாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசமும் அந்தப் புண் ஆறாது. மருந்து போட்டுவிடுவது நான்தான்.

அவளோடு வேலை பார்க்கிற நர்ஸ் ஒருத்தி கியர் இல்லாத வண்டி வைத்திருந்தாள். அதற்குக் கிளட்ச் கிடையாது. இடது காலுக்கு அதில் வேலையே இல்லை. அந்த நர்ஸ்தான் என் பெண்ணுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டாஞ்சாவடியில் கம்பெனிகள் மூடிக் கிடக்கும், ரோடு காலியாக இருக்கும். துணைக்கு என்னையும் கூட்டிப்போய்ப் பின் ஸீட்டில் உட்காரவைத்தார்கள். வீட்டுக்காரரிடம், நர்ஸோடு வெளியே போகிறோம் என்று மட்டும் சொல்லிவைத்தோம்.

முதல் நாள் என் பெண் ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

"அந்தக் கால மடக்கி ஓரமா வெச்சிடுக்கா. அதுக்கு இங்க வேல இல்ல" என்றாள் நர்ஸ்.

"நாப்பது வருஷமா அதுக்கு வேல இல்லதான். இன்னிக்குத்தான் அத யாரும் குத்தமா சொல்லல" என்றாள் இவள்.

நான் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு செபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"யம்மா, அத கொஞ்சம் நிறுத்து. நீ மொணமொணன்னு சொல்ற வேகத்துல எனக்குக் கால் தானா பிரேக்குக்குப் போவுது."

நர்ஸ் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது.

ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, கடலோரக் கனகசெட்டிக்குளம் வரைக்கும் அவளே ஓட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டில். நர்ஸ் மீன் வாங்கப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் வண்டிக்குள்ளேயே இருந்தோம். அவள் முகத்தில் வேர்வை. காலேஜ் முடித்த அன்றைக்குக்கூட அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

"நம்ம வண்டி வந்ததும் நீ முன்னால உக்காரணும்மா. ஒன் ஆயுசு பூரா பின்னால உக்காந்து எல்லார் முதுகையும் பாத்தாச்சு."

அப்போது வீட்டில் பழைய காரை விற்றுவிட்டுப் புதிது வாங்குகிற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு வண்டி நிற்கவே இடம் பற்றாது. வாங்குகிற ஒன்று எது என்பதுதான் கேள்வி.

"கியர் இல்லாத வண்டிதான் வேணும்னு அப்பாகிட்ட யாரு சொல்றது? நான் வாயத் தொறந்தா நக்கல் பண்ணியே மூடிடுவாரு."

"நான் சொல்றேன்" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தாள். "நெஜமா சொல்லுவியா?"

"சொல்றேண்டி."

என் வீட்டுக்காரர் அரசாங்க ஜீப் ஓட்டி ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷம் கியர் போட்ட கை. கியர் இல்லாத வண்டியைப் பொம்மைக் கடையில் விற்கிற வண்டி என்பார். ஆனாலும் அவர் மட்டும் முடிவு செய்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பையன் பிரான்சு போனதிலிருந்து, பெரிய விஷயம் எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை வருகிற அவன் வீடியோ போனுக்குக் காத்திருக்கும். பூசை முடிந்து வந்து, மாதா சுரூபத்தின்மேல் போனைச் சாய்த்துவைத்து, அதற்கு எதிரே வரிசையாக உட்காருவோம். கூரைக்கு ஓடு மாற்றினதும் அப்படித்தான், என் கண் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்ததும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க நான் வீட்டுக்காரரிடம் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

"கியரா, ஆட்டோமேட்டிக்கான்னு கடையில கேக்கறாங்கப்பா. நீ சொல்லு" என்றார் இவர்.

"கியர்தான்ப்பா. ஆட்டோமேட்டிக்லாம் இங்க கெழடுங்க ஓட்டறது. நான் பெர்மி எடுத்தது கியர்ல. ரெண்டு தடவ பெயிலாயி எடுத்தேன், சும்மாவா?" அங்கே லைசென்சுக்குப் பெர்மி என்று பேர்.

"நீ வர்றது நாலு வருஷத்துக்கு ஒரு தடவண்ணா. நான் தெனம் போறேன்" என்றாள் என் பெண்.

"நீ போறதுக்குத்தான் ஸ்கூட்டர் நிக்குதே. ஒத்தக் காலுக்கு ஒரு காரு கேக்குதா?" என்று இவர் சிரித்தார். போனுக்குள் அவனும் சிரித்தான். பிறகு சமாதானமாகச் சொன்னான்.

"எனக்காகவா சொல்றேன்? இந்த நொவேலுக்குப் புள்ளைங்கள இட்டுக்கினு வரலாம்னு இருக்கேன். கியர் வண்டின்னா நானே எல்லாரையும் வேளாங்கண்ணிக்கு ஓட்டிக்கினு போவேன். ஒரு மாசம், மமான். புள்ளைங்க ஒன்கூடவே இருக்கும். ஆட்டோமேட்டிக்னா எனக்குத் தோதுப்படாது. அப்பறம் டிக்கெட்ட அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

நொவேல் என்றால் கிறிஸ்துமஸ். பேரப்பிள்ளைகளை நான் நேரில் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சின்னவளை இரண்டு வயதில் பார்த்தது.

அப்போதுதான் இவர் என் பக்கம் திரும்பினார். நாற்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவை, எல்லார் முன்னாலும், "நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். என் பெண் என்னையே பார்த்தாள். போனுக்குள் அவன், மாதா சுரூபம், எல்லாரும் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"அவன் சொல்ற மாதிரியே வாங்கிடுங்க" என்று சொல்லித் தலையாட்டினேன்.

என் பெண் எழுந்தாள். எழுந்து நின்றால் காலிப்பர் முட்டியில் டக்கென்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டது. உள்ளே போய்விட்டாள்.

பிறகு சமையல்கட்டில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். "எனக்கு வாய் வரலடி" என்றேன்.

"வந்துச்சேம்மா. நல்லாத்தான் வந்துச்சு."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். கூச்சம் என்று சொல்லி அவளிடம் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். அது கூச்சமே இல்லை. எனக்குப் பையன் வரவேண்டும், பேரப்பிள்ளைகள் மடியில் உட்காரவேண்டும். அதற்கு அவள் காலைக் கொடுத்துவிட்டேன்.

கார் வந்தது. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். கிறிஸ்துமஸுக்குப் பையனும் வந்தான். ஒரு மாசம் என்றவன் பதினெட்டு நாள் வந்தான். அதில் பதினொரு நாள் காரைக்காலில் அவன் மாமியார் வீட்டில்.

வந்த மறுநாளே சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினான். பிள்ளைகள் பின்னால் ஏறிக்கொண்டன. நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம். வண்டி கிளம்பியதும் அவன் வலது கை போய்க் கதவைத் தட்டியது. இன்னொரு தடவை தட்டியது. வண்டி குலுங்கி நின்றது.

"என்னடா கதவப் போட்டு அடிக்கிற?" என்றார் இவர்.

அங்கே ஸ்டீரிங் இடது பக்கம். கியர் போடுவது வலது கையால். இங்கே எல்லாம் தலைகீழ், கியர் இடது கைக்கு வரும். முந்தி அவன் வந்தபோதெல்லாம் இவர்தான் ஓட்டுவார். முப்பது வருஷம் ஜீப் ஓட்டினவருக்கும் அது தோன்றவில்லை, அங்கே தினம் ஓட்டுகிறவனுக்கும் தோன்றவில்லை. தெருமுனைக்குள் நாலு தடவை நின்றுபோனது. மீன்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். என் பெண் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் கரண்டுக் கம்பத்தில் உரசிக் கொண்டுவந்து நிறுத்தினான். "இந்த ஊர்ல மனுஷன் ஓட்டுவானா" என்று சாவியை மேஜைமேல் போட்டான். அதற்குப் பிறகு தொடவில்லை. வேளாங்கண்ணிக்கு வாடகை வேன் பிடித்துப் போனோம். நான் கடைசி ஸீட்டில் பெட்டிகளோடு உட்கார்ந்தேன். பேரப்பிள்ளைகள் காதில் வயரை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டு வந்தன. எனக்கு அவர்கள் பேச்சு தெரியாது, அவர்களுக்கு என் பேச்சு தெரியாது. சின்னவளுக்கு ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். மெர்சி என்று அவள் பாஷையில் நன்றி சொன்னாள். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் இவருக்கு இடது முழங்கால் போய்விட்டது. முப்பது வருஷம் கிளட்ச் மிதித்த முட்டி. இனிமேல் கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், "ஆட்டோமேட்டிக்கே வாங்கியிருக்கலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீதான சொன்ன, அவன் சொல்ற மாதிரி வாங்குன்னு" என்றார். சொன்னது நான்தானே.

அந்த மழைக்காலம் முடிந்ததும் என் பெண் கதிர்காமத்தில் கீழ்வீடு ஒன்று வாடகைக்குப் பார்த்துக்கொண்டாள். வண்டி நிறுத்த இடம் இருக்கிற வீடு. நர்ஸ் வேறு வண்டி வாங்கியபோது, அந்தக் கியர் இல்லாத பழைய வண்டியை இவளே வாங்கிக்கொண்டாள். "ஒண்ணாந்தேதி போறேன்" என்று சாப்பிடும்போது சொன்னாள். ஏன் என்று இவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்போது மருந்து டப்பாவை மட்டும் என்னிடம் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். இப்போது அவளுக்குப் புண் வருவதில்லை என்று நினைக்கிறேன். கேட்டதில்லை.

போன மாசம் என்னைக் கண் டாக்டரிடம் காட்டக் கூட்டிப்போக வந்தாள். தெருவில் இடம் இல்லாததால் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தாள். நான் சேலையைச் சரிசெய்துகொண்டு நடந்து போய் முன் கதவில் கையை வைத்தேன்.

"பின்னாடி ஏறிக்கம்மா. முன்னால சாமான் கெடக்கு" என்றாள்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு கைப்பை, ஒரு குடை, டிபன் டப்பா. மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இந்தத் தடவை எனக்கு நிஜமாகவே வாய் வரவில்லை.

பின் கதவைத் திறந்து ஏறினேன். இடது காலை மடக்கி ஓரமாக வைத்திருந்தாள். வண்டி கிளம்பியதே தெரியவில்லை. கண் டாக்டர் வீடு வரைக்கும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு போனேன். நன்றாக ஓட்டுகிறாள்.